பாத்து ராத்தா பார்க்காமல் வாங்கிய பெட்டி

பாத்து ராத்தா எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள். மண்சட்டி என்றால் விரலை மடக்கித் தட்டி, காதோரம் வைத்துக் கேட்பாள். மீன்காரி கூடையை இறக்கினால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் "பிள்ளைக சொகமா?" என்று விசாரிப்பாள். ஒருமுறை துணிக்கடையில், சாயம் போகுமா என்று பார்ப்பதற்காக, குடிக்கக் கொடுத்த தண்ணீரில் கைக்குட்டையை முக்கிவிட்டாள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அவளோ சாவகாசமாக அதைப் பிழிந்து, "சாயம் நிக்கிது, ஆறு தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

அப்படிப்பட்டவள், தான் மிகவும் ஆசைப்பட்ட ஒரு பொருளை மட்டும் சரியாகச் சோதிக்காமல் வாங்கி வந்தாள். அது சிடி ஓட்டும் ஒரு பெட்டி.

நான் உம்மு ஹபீபா. பாத்து ராத்தாவின் சாச்சி, அதாவது சின்னம்மா மகள்; அவள் எனக்கு அக்கா முறை. காயல்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெண்கள் போய்வர ஒரு முடுக்கு இருக்கிறது. அந்த முடுக்கின் வழியாக அவளுடைய குழம்பு வாசனை எனக்கு வரும், என்னுடைய சத்தம் அவளுக்குப் போகும். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று ஊரே சொல்லும். பாத்து ராத்தாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வருத்தம் வந்தும் பார்த்ததில்லை. வராமலா இருக்கும்? எங்கே கொண்டுபோய் வைப்பாளோ தெரியாது.

எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ராத்தாவின் மாப்பிள்ளை அகமது மீரான் மச்சானும் அப்படித்தான் அந்த வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறினார். அதற்கப்புறம் விடுமுறைக்கு விடுமுறை வந்து போகும் விருந்தாளிதான். மகள் ஸமீஹாவை வளர்த்தது, மாடி எடுத்தது, கொத்தனாரோடு மல்லுக்கட்டியது, மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது எல்லாம் பாத்து ராத்தா.

அந்தக் காலத்தில் போனில் பேசுவதென்றால் அவசர அவசரமாகத்தான் பேச வேண்டும். ஆகவே மச்சான் ஒரு கேமரா வாங்கி, தன்னைத் தானே படம் பிடித்து, டிவிடியில் ஏற்றி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். ஒவ்வொன்றிலும் ஒரே வெள்ளைச் சட்டை, பின்னால் ஒரே பூப்போட்ட திரை. "நான் நல்லா இருக்கேன். ரூமு நல்ல விசாலம். தனிக் கட்டிலு. ஜன்னலத் தொறந்தா காத்து பிச்சிக்கிட்டு வருது" என்பார். பிறகு ஸமீஹாவைப் பாடம் கேட்பார். அவளும் டி.வி.க்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பாள். பாத்து ராத்தா அடுப்படி வாசலில் நின்றபடியே, "மாத்திர ஒழுங்கா போடுதியளா?" என்று படத்தைப் பார்த்துக் கேட்பாள். படம் பதில் சொல்லாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கேட்பாள்.

ஸமீஹாவின் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. ஒரே மகள். மாப்பிள்ளை அலி அஸ்கர் அவருடைய கூட்டாளியின் மகன், அவரே பார்த்து முடித்த சம்பந்தம். "நான் இல்லாட்டியும் நடக்கட்டும். ஆனா நான் நல்லா பாக்கணும். மங்கலா எடுத்துராதிங்க. இங்க புதுசா ப்ளூரேன்னு ஒண்ணு வந்திருக்கு, கண்ணாடி மாதிரித் தெரியுது. அதுலதான் எடுக்கணும்" என்று போனில் அடம் பிடித்தார். திருநெல்வேலியிலிருந்து தேன்மொழி என்ற பெண்ணைக் கேமராவோடு வரவழைத்தோம். வந்த பெண்களெல்லாம் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போது, உள்ளறையில் வைத்து எடுத்தாள். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாத படம். அதனால் சிடி கைக்கு வந்ததும், தேன்மொழியின் கணினியில் இருந்த மூலத்தைத் தன் முன்னாலேயே அழிக்கச் சொன்னாள் பாத்து ராத்தா. எங்கள் பக்கத்தில் பெண்கள் படம் எடுத்தால் அப்படித்தான் செய்வோம். ஆக, உலகத்தில் ஒரே ஒரு சிடி. அதன் மேலேயும் அதை வைக்கும் டப்பாவின் மேலேயும் ஸமீஹாவின் கல்யாண முகத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்திருந்தாள் தேன்மொழி. யார் கேட்டார்கள் அதை!

அதை ஓட்டும் பெட்டியை மச்சான் தம்மாமிலேயே வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு விடுமுறையிலும் யார் யாருக்கோ சோப்பும் போர்வையும் பால்மாவும் பயணப் பெட்டியில் இடம்பிடிக்கும்; அது அடுத்த தடவைக்குத் தள்ளிப்போகும். கொரோனாக் காலத்தில் வேலை போய், கிடைத்த விமானத்தில் ஒரு கைப்பையோடு ஊர் வந்து இறங்கினார். பெட்டி கட்டிலுக்கடியிலேயே தங்கிவிட்டது. சிடி இங்கே பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு நடுவில் கிடந்தது. ஸமீஹாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகளும் பிறந்துவிட்டன. அவள் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்ததை அவள் வாப்பா இன்னும் பார்க்கவில்லை.

போன வருடம் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. சர்க்கரை. பாளையங்கோட்டையில் கண் டாக்டரிடம் காட்டப் போனோம். ரயில் ஆழ்வார்திருநகரி தாண்டி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஆறு எட்டிப் பார்த்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மச்சான், "பாத்து, ஆத்துல தண்ணி போவுதா?" என்று கேட்டார். நான் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பாத்து ராத்தா சாதாரணமாக, "ரெண்டு கரையும் தொட்டுப் போவுது" என்றாள்.

வலது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். இடது கண்ணுக்கு ஊசி போட்டு, இருக்கிற பார்வையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம். எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. பெரிதாக, துலக்கமாக இருந்தால் கிட்டே வைத்துப் பார்க்கலாம்.

"ஒரு கல்யாணம் பாக்குத வரைக்கும் நிக்குமா டாக்டர்?" என்று கேட்டார் மச்சான்.

"யாருக்குக் கல்யாணம்?"

"அது எப்பமோ முடிஞ்சிட்டு. நான்தான் இன்னும் பாக்கல."

டாக்டர் சிரித்தார். மச்சானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த முதலாளி மேல், அந்தச் சோப்பு, போர்வைகள் மேல், எல்லாவற்றின் மேலும். வெளியே வந்ததும் பாத்து ராத்தா சொன்னாள்: "ஹபீபா, இன்னைக்கே அந்தப் பெட்டி வாங்கணும்." அவள் முன்கூட்டியே எண்ணிவைத்துத்தான் வந்திருந்தாள். கைப்பையில் மச்சானின் பழைய டிவிடி ஒன்று இருந்தது. அதற்கடியில், தலையணை உறைக்குள் சுற்றிவைத்த கல்யாண சிடி இருந்தது. பழையதும் ஓட வேண்டும், புதியதும் ஓட வேண்டும். இரண்டும் ஓடுகிற ஒரே பெட்டி வேண்டும் என்பது அவள் கணக்கு.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சந்துக்குள் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் கடை. டி.வி., மிக்சி, மின்விசிறி எல்லாம் விற்பார், பழுதும் பார்ப்பார். சிடி பெட்டி என்றதும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இப்ப யாரும்மா சிடி பாக்கா? எல்லாம் போன்லல்லா ஓடுது" என்றவர், மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். மச்சானுக்கு ஒரு நாற்காலி போட்டு, "உக்காருங்க பாய்" என்றார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மச்சான் கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வெளிச்சமே அவருக்கு ஆகவில்லை.

பாத்து ராத்தா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கனம் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். சிடி வைக்கும் நாக்கை வெளியே வரவைத்து, உள்ளே தள்ளி, மறுபடி வரவைத்தாள். அண்ணாச்சி பொறுமையாக நின்றார். பிறகு அவள் பழைய டிவிடியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டி.வி.யில் ஓட்டினார்.

மச்சானின் இளமைக் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லா இருக்கேன்." நாற்காலியில் இருந்த மச்சான், தன்னுடைய ஸலாமுக்குத் தானே பதில் சொன்னார். நானும் அண்ணாச்சியும் சிரித்துவிட்டோம்.

பாத்து ராத்தா சிரிக்கவில்லை. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். வீட்டிலிருந்த பழைய டி.வி.யில் நாங்கள் எத்தனையோ தடவை பார்த்த அதே படம்தான். ஆனால் இதில் நான்கு ஓரங்களிலும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. பூப்போட்ட திரைக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி. அது திரையில்லை; ஊரிலிருந்து பாத்து ராத்தா மடித்துக் கொடுத்துவிட்ட போர்வை. கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. கம்பிக்கு மேலே, படத்தின் உச்சியில், இரண்டு கால்கள் தொங்கின. ஆள் மேலே ஒரு கட்டிலில் படுத்திருந்தான். இடதுபக்கம் கூரை வரைக்கும் பெட்டிகள். பெட்டிகளுக்கு இந்தப் பக்கம், தரையில் படுத்திருந்த வேறு யாரோ ஒருவனுடைய தலைமுடி.

"ரூமு நல்ல விசாலம்" என்றது படம். "தனிக் கட்டிலு. ஜன்னலத் தொறந்தா காத்து பிச்சிக்கிட்டு வருது." அந்தக் கால்களில் ஒன்று மற்றதைச் சொறிந்துகொண்டது.

"பழைய டி.வி. ஓரத்தத் தின்னுரும்மா. இதுலதான் படம் முழுசா தெரியும்" என்றார் அண்ணாச்சி, விற்பனை உற்சாகத்தில்.

"என்ன முழுசா தெரியுது?" என்று நாற்காலியிலிருந்து மச்சான் கேட்டார்.

"ஒங்க சட்ட" என்றாள் பாத்து ராத்தா. "நல்ல வெள்ளையா தெரியுது." பிறகு அண்ணாச்சியிடம், "போதும், நிறுத்துங்க. இதையே கட்டுங்க" என்றாள். குரல் எப்போதும்போல்தான் இருந்தது. கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"கல்யாண சிடி ஒண்ணு இருக்குன்னியளே, அதையும் போட்டுப் பாத்துருங்க" என்றார் அண்ணாச்சி நல்ல மனதோடு. கடையில் இன்னும் இரண்டு ஆண்கள் மின்விசிறி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையணை உறையைப் பிரித்தால் முதலில் ஸமீஹாவின் முகம்தான் வெளியே வரும்.

"அதுவும் இதே மாதிரிதான்" என்றாள் பாத்து ராத்தா. எங்கள் ஊரில் வட்டமாகப் பளபளத்தால் எல்லாம் ஒன்றுதான். எனக்கு மனது கேட்காமல் துபாயிலிருந்த மருமகன் அலி அஸ்கருக்குப் போன் போட்டேன். "பெட்டி மேல ஹெச்.டி.ன்னு போட்டிருக்கா சாச்சி? போட்டிருக்குல்லா? அப்ப கண்டிப்பா ஓடும்" என்றான். கம்ப்யூட்டர் படித்தவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று இருந்துவிட்டோம்.

திரும்புகிற ரயிலில் பாத்து ராத்தா மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்ரீவைகுண்டம் வந்தபோது மெல்லக் கேட்டாள்: "தம்மாம்ல ராத்திரி ஒங்களுக்குத் தூக்கம் வருமா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"பெரிய ரூமு. தூக்கத்துக்கு என்ன கொற?" என்றார் மச்சான். அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்து அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் இப்போதிருக்கும் புது டி.வி.யில் பெட்டியை மாட்டினோம். கல்யாண சிடியை விழுங்கியது, உள்ளே கிறுகிறுவென்று சுற்றியது, துப்பிவிட்டது. துடைத்துப் போட்டோம்; துப்பியது. பிஸ்மி சொல்லிப் போட்டோம், அதற்கும் துப்பியது. பழைய டிவிடிகள் மட்டும் ஒன்று விடாமல் ஓடின. பாத்து ராத்தா அவற்றை உடனுக்குடன் நிறுத்திவிட்டாள். "பைய பாத்துக்கிடலாம். அதுக்கென்ன அவசரம்?" என்றார் மச்சான். மறுநாள் காலையில் அவர் தேநீரை ஆற்றும்போது பாதி டம்ளருக்கு வெளியே ஊற்றினார். ஊற்றியது அவருக்குத் தெரியவில்லை. சத்தம் காட்டாமல் மேசையைத் துடைத்துவிட்டு, முடுக்கு வழியாக என்னிடம் வந்தாள் பாத்து ராத்தா. "லீவு போடு" என்றாள்.

இந்தத் தடவை நாங்கள் இருவர் மட்டும் போனோம். சங்கதியைக் கேட்ட ஐயம்பெருமாள் அண்ணாச்சி, "சிடியக் காட்டுங்கம்மா" என்றார். பாத்து ராத்தா தயங்கினாள். "மேல மக மொகம் இருக்கு அண்ணாச்சி" என்று நான் சொன்னேன்.

அவர் ஒரு நொடி யோசித்தார். "அப்ப மொகம் வேண்டாம். முதுகக் காட்டுங்க. படிக்கிறது முதுகுலதான்."

உறைக்குள் கையை விட்டு, முகத்தை உள்ளங்கையில் மறைத்து, அவள் முதுகை மட்டும் காட்டினாள். அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது ப்ளூரேல்லா! இதப் படிக்க வேற கண்ணு வேணும். பெட்டி மேல போட்டிருக்கிற ஹெச்.டி. டி.வி.க்குப் போற படத்துக்கு. அன்னைக்கே இந்த முதுகக் காட்டியிருந்தா அப்பமே சொல்லியிருப்பேன். நானும் கேக்காமப் போனேன் பாருங்க."

நாங்கள் கொண்டுபோயிருந்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ப்ளூரே பெட்டி இப்போது கடைகளுக்கு வருவதில்லை, எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், விசாரித்துப் பார்க்கிறேன் என்றார். விசாரிக்கிறேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில் அவரே போன் செய்தார். ஒருகாலத்தில் ஆசையாக வாங்கி மூலையில் போட்டுவைத்த வீடுகளிலிருந்து இரண்டு பெட்டிகள் பிடித்திருக்கிறார். "ரெண்டும் பழசு. உள்ள ரெண்டு கண்ணு இருக்கும், டிவிடிக்கு ஒண்ணு, ப்ளூரேக்கு ஒண்ணு. எது அவிஞ்சிருக்குன்னு போட்டாத்தான் தெரியும். ஒங்க சிடிய நீங்களே போட்டுப் பாத்துருங்க" என்றார்.

எப்படிப் பார்ப்பது என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். நாங்கள் போனதும் கடையில் இருந்தவர்களை அனுப்பிவிட்டு, இரண்டு பெட்டிகளையும் டி.வி.யில் இணைத்து வைத்தார். வெளியே போய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவருடைய முதுகும் இடுப்பும் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன. அங்கிருந்தபடியே, "எடது ஓரத்துப் பொத்தான அமுக்குங்க. நாக்கு வருதா? வச்சிட்டுத் திரும்ப அமுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் யாரோ கடைக்கு வர, "பொறுத்து வாரும்வே, உள்ள பொம்பளையாளு இருக்காவ" என்று விரட்டினார்.

முதல் பெட்டி பார்க்கப் புத்தம்புதுசு. பழைய டிவிடி அதில் சொகுசாக ஓடியது; கல்யாண சிடியைப் போட்டதும் திணறி நின்றுவிட்டது. இரண்டாவது பெட்டி கீறல் விழுந்து, மூலை உடைந்து, ரிமோட்டும் இல்லாமல் கிடந்தது. டிவிடியைப் படிக்க ரொம்ப யோசித்தது, ஆனால் படித்தது. பாத்து ராத்தா உறையிலிருந்து கல்யாண சிடியை எடுத்து, வாய்க்குள் ஏதோ ஓதி, அதன் நாக்கில் வைத்தாள். கிறுகிறு சத்தம் கேட்டது. பிறகு டி.வி. முழுக்க ஸமீஹாவின் தலைப்பூ வந்தது. மல்லிகையை ஒவ்வொரு மொட்டாக எண்ணலாம் போலிருந்தது. பூ அசைந்து, அவள் முகம் திரும்பப்போன நேரத்தில் பாத்து ராத்தா பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டாள்.

"ஏன் ராத்தா! இப்பதானே வந்துது" என்று நான் கத்தினேன்.

"அவரு பாக்காம நாம பாக்கக் கூடாது" என்றாள். ஷட்டரைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒடஞ்ச பெட்டியக் கட்டுங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம், ஸமீஹாவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம்; எனக்கு அன்றைக்கும் லீவு. ஸமீஹா ஜன்னல்களைச் சாத்தினாள். டி.வி.க்கு முன்னால், கை தொடுகிற தூரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டோம். மச்சானைக் காணவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, தொப்பி. அத்தர் வாசனை கூடம் முழுக்க அடித்தது.

"எங்க மச்சான் கெளம்பிட்டிய?" என்று வழக்கம்போல் கேலி செய்தேன்.

"மக கல்யாணத்துக்கு" என்றார்.

ஸமீஹா முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாப்பாவின் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். பாத்து ராத்தா மட்டும் அடுப்படி வாசலில், டிவிடி பார்த்த நாளிலெல்லாம் நின்ற அதே இடத்தில், போய் நின்றுகொண்டாள். நான் பொத்தானை அமுக்கினேன்.

பூ வந்தது. முகம் திரும்பியது. மச்சான் குனிந்து, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குப் போனார். அவருக்கு நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு மறைக்கும். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால்தான் பார்க்க வேண்டும். அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"தெரியுதா வாப்பா?"

"தெரியுதும்மா. சிவப்பு தெரியுது. பூ தெரியுது. நீ சிரிக்கிற." ஒரு கையைத் தூக்கி, திரையில் இருந்த கன்னத்தைத் தொட்டார். "மாஷா அல்லாஹ். எங்க உம்மா ஜாடை அப்பிடியே இருக்கு." அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. ஸமீஹா அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போதும், இதற்காகத்தான் இத்தனை அலைச்சலும் என்று நான் நினைத்தேன்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸமீஹாவின் வளையலைச் சரிசெய்வது வந்தது. மச்சான் சாய்த்திருந்த தலையை இன்னும் சாய்த்தார்.

"அந்த மூலையில நிக்கிறது யாரு? பச்ச சேல."

திரையின் வலது ஓரத்தில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், பச்சைச் சேலையில் ஒருத்தி நின்றாள். தேன்மொழி அவளை எடுக்கவில்லை; மணப்பெண்ணை எடுக்கும்போது ஓரத்தில் வந்து மாட்டியவள். காதில் போன் வைத்திருந்தாள்.

"தம்மாம் பக்கத்துல கோபார் கடத்தெருவுல நான் எடுத்து அனுப்புன சேலல்லா அது" என்றார் மச்சான். "பாத்து. போன் பேசுதா." திரைக்கு இன்னும் கிட்டே போனார். "எங்கிட்டதான் பேசுதா. அன்னைக்கி ஒரே ஒரு தடவதான் லைன் கெடச்சிது. மக தங்கமா இருக்கா, எல்லாம் நல்லபடியா நடக்குது, நாங்க எல்லாரும் ஒரே சிரிப்பும் சந்தோசமுமா இருக்கோம், நீங்க கவலப்படாதிங்கன்னு சொன்னா. அவ சொன்னதக் கேட்டுட்டுத்தான் நான் சோறு தின்னேன்."

படத்தில் அவள் உதடுகள் அசைந்தன. சிரிக்கிற உதடுகள்.

"கை எதுக்கு அவ கண்ணுக்குப் போவுது?" என்றார் மச்சான்.

அந்தச் சேலைத் தலைப்பு மறுபடி மறுபடி கண்ணுக்குப் போனது. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வாய் மட்டும் நிற்காமல் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அன்று அந்த அறையில் நானும்தான் இருந்தேன். வளையலைச் சரிசெய்துகொண்டு, இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றேன், எனக்கே தெரியவில்லை.

"ஹபீபா, ஒன் ராத்தா அன்னைக்கி அழுதாளா?"

அடுப்படி வாசலிலிருந்து பதில் வந்தது. "ரூமு விசாலம்னு சொன்னியளே. மேல தொங்குனது யாரு காலு?"

மச்சான் திரையை விட்டு முகத்தை எடுத்தார். பிறகு குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். எப்போது பார்த்தாள், எதில் பார்த்தாள் என்று கேட்கவில்லை. அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டுமாகத்தான் இருந்திருக்கும்.

"கண்ணூர்க்காரன் காலு" என்றார். "நெட்டையன். கட்டிலு பத்தாது அவனுக்கு."

"ஜன்னலு?"

"ஜன்னலே கெடையாது."

பாத்து ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இந்தத் தடவை யாருக்கும் மறைக்கவில்லை. படம் முடியும் இடத்துக்கு வந்து நின்றது. ஸமீஹா எழுந்து, "இன்னொரு தடவ மொதல்லேந்து போடவா வாப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. நீ இங்கனயே இருக்க, ஒன்னத் தொட்டே பாத்துக்கிடுவேன்" என்றார் மச்சான். ஸ்டூலைத் தடவி, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்துகொண்டார். "அந்த மூலையில நிக்கிதாளே, அவ வார எடத்தப் போடு. அன்னைக்கி அவ பக்கத்துல யாருமே இல்ல."

நான் தேடிப் போட்டேன். பாத்து ராத்தா அடுப்படி வாசலை விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.